முழங்காலின் சம்மதம்

ரப்பர் சுத்தியல் ஸ்ரீநாத்தின் வலது முழங்காலுக்குச் சற்று மேலே நின்றுகொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்தவர் டாக்டர் ஸ்ரீரங்கன். மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அதைவிட முக்கியம், மதுவந்தியின் அப்பா.

"காலை லூசா விடுங்கோ. தொங்கட்டும். சாக்கு மூட்டை மாதிரி தொங்கட்டும்" என்றார் டாக்டர்.

ஸ்ரீநாத் அம்மாவோடு பெண் பார்க்க வந்திருந்தான். பஜ்ஜி, சொஜ்ஜி ஆகிவிட்டது. பெண்ணையும் பார்த்தாகிவிட்டது. நியாயமாகக் கிளம்பியிருக்க வேண்டிய நேரத்தில் இப்படி ஒற்றைக் காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டி வந்ததற்குக் காரணம் காபிதான்.

மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் காபியை அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். மதுவந்தி நீட்டிய டபராவை ஸ்ரீநாத் அவள் முகத்தைப் பார்த்தபடியே வாங்கினான். கை விருட்டென்று பின்னுக்கு வந்தது. டம்ளர் கூடத்தில் உருண்டது.

"சூடுன்னு சொல்றதுக்குள்ள வாங்கிட்டேளே" என்று மதுவந்தி சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பில்லை. அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. அந்தச் சிரிப்போடு ஸ்ரீநாத்தின் கதை முடிந்தது. அதுவரை அம்மா காட்டிய போட்டோக்கள் எல்லாம் மனத்தைவிட்டு ஒரேயடியாக ஓடிப்போயின. கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் பேசாமல் பேங்க்கிலேயே படுத்துக்கொள்வது என்று அங்கேயே தீர்மானித்துவிட்டான்.

வீட்டு வேலை செய்யும் கெங்கம்மா துணி கொண்டுவந்து காபியைத் துடைத்தாள். டாக்டருக்கோ காபி கொட்டியதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

"பார்த்தேளா! கை முதல்ல வந்துடுத்து. சுடறதுங்கறது அப்புறம்தானே தெரிஞ்சுது?"

"ஆமாம் மாமா."

"விரல்லேர்ந்து நரம்பு வழியா சேதி முதுகுத்தண்டுக்குப் போறது. 'எடு கையை'ன்னு அங்கேயே உத்தரவு போட்டாச்சு. மூளைக்குச் சும்மா ஒரு தகவல், அவ்வளவுதான்."

"எங்க பேங்க்ல சின்னக் கடனை ஹெட் ஆபீசைக் கேக்காம பிராஞ்ச்லயே சாங்ஷன் பண்ற மாதிரி" என்றான் ஸ்ரீநாத், வருங்கால மாமனாரிடம் நல்ல பெயர் எடுக்கும் ஆசையில்.

"அதே! இருங்கோ, இன்னொண்ணு காட்டறேன்" என்று டாக்டர் உள்ளே போய் எடுத்துவந்ததுதான் அந்தச் சுத்தியல்.

முக்காலியை இழுத்து முட்டிக்கு முட்டி எதிரே உட்கார்ந்தார். முட்டிச்சில்லுக்குக் கீழே தட்டினால் தொடைத் தசை இழுபடும், முதுகுத்தண்டு உடனே பதில் அனுப்பும், கால் தானாக முன்னால் எழும்பும் என்று விளக்கினார். விளக்காமல் தட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஸ்ரீநாத் தன் காலுக்கும் டாக்டருக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்தான். கால் எழும்பினால் எங்கே போய்ப் படும்? எதிரே இருக்கும் பெரியவர் மேல். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி வளர்த்த குடும்பம். பெண் கேட்டு வந்த வீட்டில், முதல் நாளே, பெண்ணைப் பெற்றவரை உதைப்பதா?

சுத்தியல் இறங்கியது. ஸ்ரீநாத் பல்லைக் கடித்துக்கொண்டு காலை நாற்காலியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தான். கால் ஆடவில்லை. மறுபடி தட்டினார். ஆடவில்லை. இடது காலில் தட்டினார். அதுவும் நல்ல பிள்ளையாகச் சும்மா இருந்தது.

"ம்" என்றார் டாக்டர்.

அந்த ஒரு 'ம்'மில், தன் நரம்பில் கோளாறு என்று டாக்டர் முடிவுகட்டிவிட்டதாக ஸ்ரீநாத்துக்குத் தோன்றிவிட்டது. வாசல்வரை வந்து வழியனுப்பும்போது டாக்டர் ஏதோ சொன்னார், அம்மா ஏதோ தலையாட்டினாள். ஒன்றும் அவன் காதில் ஏறவில்லை.

ஸ்கூட்டர் அடையாறு பாலத்தின் மேல் வரும்போது பின்னாலிருந்து அம்மா சூடாமணி கேட்டாள்: "பொண்ணு லட்சணமா இருக்காடா. நாளைக்கே போன் பண்ணிப் பேசிடட்டுமா?"

"அவசரப்படாதேம்மா. முழங்கால் விஷயம் ஒண்ணு இருக்கு."

"யாருக்கு? பொண்ணுக்கா?"

"எனக்கு. நாம பாட்டுக்குப் பேசப்போய், 'பையனுக்கு நரம்புல கோளாறு, வேண்டாம்'னு அவர் மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டா? முதல்ல முழங்காலை நேர் பண்ணிக்கறேன். அதுவரைக்கும் நீ போன் கிட்டயே போகாதே."

"காத்துல சரியாக் கேக்கலைடா" என்றாள் அம்மா. உண்மையில் நன்றாகக் கேட்டது. நம்பத்தான் முடியவில்லை.

தியாகராய நகரில் ஸ்ரீநாத் வேலை பார்த்த பேங்க்கில், கம்ப்யூட்டர் வரக்கூடாது என்று யூனியன் கொடி பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. கேஷியர் தனபாலன் சைதாப்பேட்டைக்காரன். ஊரில் உள்ள எல்லா வியாதியும் அவனுடைய ஏதாவதொரு சொந்தக்காரருக்கு வந்திருக்கும்.

"இன்னா மச்சி சொல்றே, தட்டியும் ஆடலியா?" என்று கண்ணை விரித்தான். "எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. சக்கரை. அப்பால செருப்பு கயண்டு போனதுகூட தெரியாம மார்க்கெட்டு வரைக்கும் நடந்து போவாரு."

"பயமுறுத்தாதேடா. ஒரு தரம் நீ தட்டிப் பாரேன்."

மதிய இடைவேளையில் இருவரும் கேஷியர் கூண்டுக்குள் புகுந்துகொண்டார்கள். ஸ்ரீநாத் தனபாலனின் உயரமான நாற்காலியில் ஏறிக் காலைத் தொங்கப்போட்டான். தனபாலன் மேஜையிலிருந்த ரூல்தடியை எடுத்து, கரும்பு வெட்டுகிறவன் மாதிரி ஓங்கி ஒன்று வைத்தான்.

தனபாலன் பெரியவரும் இல்லை, பெண்ணைப் பெற்றவரும் இல்லை. அதனால் ஸ்ரீநாத்தின் கால் மரியாதை எதுவும் பார்க்காமல் எகிறியது. எகிறிய கால், கொள்ளைக்காரர்கள் வந்தால் கேஷியர் ரகசியமாக மிதிப்பதற்கென்று மேஜைக்கடியில் வைத்திருந்த பொத்தானில் போய் இடித்தது.

அபாய மணி அலறியது. வாசலில் காவல் இருந்த வெள்ளைத்துரை, மேலே உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்காமல் இரும்புக் கதவைச் சடாரென்று இழுத்து மூடிவிட்டுத் துப்பாக்கியை நீட்டினார். பென்ஷன் வாங்க வந்திருந்த பெரியவர்கள் எல்லாம் கையைத் தூக்கினார்கள். மாம்பலம் போலீஸ் வந்து சேர்வதற்குள் ஒரு மாமி தன் வளையல்களைக் கழற்றித் தனபாலனிடமே கொடுத்து, "என்னை விட்டுடுங்கோ" என்று கெஞ்சியிருந்தாள்.

மேனேஜர் இருவரையும் நிறுத்திவைத்துக் கேட்டார்: "யாரைக் கேட்டுய்யா மிதிச்சே?"

"யாரையும் கேக்கலை சார். மூளைக்கே அப்புறம்தான் சார் தெரியும்" என்றான் ஸ்ரீநாத்.

அதற்கும் சேர்த்து மெமோ கிடைத்தது.

மெமோ கிடைத்தாலும் மனத்தில் பால் வார்த்தது போலிருந்தது. நரம்பில் கோளாறு இல்லை. அன்றைக்கு மரியாதைதான் காலைப் பிடித்து வைத்திருக்கிறது. இனி டாக்டர் முன்னால் ஒருமுறை காலை ஆட்டிக் காட்டிவிட்டால் போதும். இவ்வளவு சுலபமான காரியத்துக்கா இவ்வளவு பயந்தோம் என்று ஸ்ரீநாத் மறுநாள் சாயங்காலமே மயிலாப்பூருக்குப் போய் நின்றான்.

டாக்டர் முகமெல்லாம் சிரிப்பாகக் கதவைத் திறந்தார். "வாங்கோ வாங்கோ! நீங்களே நேர்ல வந்துட்டேளே! சொல்லுங்கோ."

"மாமா, அன்னிக்கு முழங்கால் சரியா வரலை. இன்னொரு தரம் தட்டிப் பார்க்கறேளா?"

டாக்டர் முகத்தில் சிரிப்பு சற்றுக் குறைந்தது. "முழங்காலா? அதுக்கென்ன, பேஷாத் தட்டலாம்" என்று சுத்தியலை எடுத்துவந்தார். உள்கட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து மதுவந்தி எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒரு தவிப்பு இருந்தது. பாவம், நரம்பில்லாதவனுக்கு வாழ்க்கைப்பட வேண்டியிருக்குமோ என்று கவலைப்படுகிறாள் என எண்ணி ஸ்ரீநாத் நொந்துபோனான்.

எப்படியும் இந்த முறை எழுப்பியே தீருவது. சுத்தியலையே உற்றுப் பார்த்தான். அது மேலே போயிற்று. இதோ வருகிறது, இதோ இறங்கப் போகிறது...

கால் படக்கென்று எழும்பி நின்றது.

"நான் இன்னும் தட்டவே இல்லையே" என்றார் டாக்டர், சுத்தியலைக் காதருகே பிடித்தபடி.

ஸ்ரீநாத் மெதுவாகக் காலை இறக்கினான்.

"இது முதுகுத்தண்டு பண்ற வேலை இல்லை. இது நீங்க பண்றது" என்று டாக்டர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பொய்க்கால் வேலையும் அகப்பட்டுவிட்டது. நரம்பும் இல்லை, நாணயமும் இல்லை என்றல்லவா இப்போது நினைப்பார்?

வாசலில் செருப்பு மாட்டிக்கொள்ளும்போது டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்: "ஆத்துல அம்மா என்ன சொல்றா?"

பரம்பரை வியாதி இருக்கிறதா என்று துருவுகிறார் என்பது ஸ்ரீநாத்துக்கு உடனே விளங்கிவிட்டது.

"அம்மாவுக்கு மாடி ஏறினா கொஞ்சம் மூட்டுவலி மாமா. மத்தபடி எங்காத்துல யாருக்கும் நரம்பு வியாதி கிடையாது. சித்தப்பாவுக்குக் கை நடுங்கும். அது வெறும் கூச்சம்."

டாக்டர் சுவரிலிருந்த காலண்டர் பக்கம் பார்வையை ஓட்டினார். பிறகு, "ஆவணியில நல்ல முகூர்த்தம் நிறைய இருக்கு. கோயம்புத்தூர்லேர்ந்து வேற ஒரு வரன் போன் மேல போன் பண்ணிண்டிருக்கா. ஞாயித்துக்கிழமை அவாளுக்குப் பதில் சொல்லியாகணும். எதுன்னாலும் அதுக்குள்ள தெரிஞ்சுட்டா தேவலை" என்றார்.

செருப்பு மாட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்ரீநாத் நிமிர்ந்தான். "அந்தப் பையனோட முழங்கால் எப்படி மாமா?"

"முழங்காலா? எனக்கெப்படித் தெரியும்?"

"பார்க்கலையா?"

"அவா இன்னும் ஆத்துக்கே வரலையே!"

முழங்காலைப் பார்க்காமலேயே கோயம்புத்தூர்க்காரனுக்குப் பெண்ணைக் கொடுக்கத் தயாராகிவிட்டார். அவ்வளவு வெறுத்துப்போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. ஸ்ரீநாத் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மதுவந்தி டபராவோடு கோயம்புத்தூர்க்காரன் முன்னால் நின்று சிரிப்பது போலத் தோன்றித் தோன்றி அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பயிற்சி நடந்தது. அம்மா அப்பளக் குழவியால் தட்டுவாள். கண்ணை மூடினால் கால் எழும்பியது. திறந்தால் முந்திக்கொண்டது. எதிரே டாக்டர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டால் கல்லாகச் சமைந்தது.

"ஏண்டா, கல்யாணம் பண்ணிக்க எதுக்குடா முழங்கால்?" என்று அம்மா ஒருநாள் குழவியைக் கீழே வைத்துவிட்டாள். "அவாத்துல என்ன நெனைச்சிண்டிருக்காளோ தெரியலை. நான் ஒரு போன் போட்டுக் கேட்டுடறேன்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதேம்மா, உனக்குக் கோடிப் புண்ணியம்."

கடைசியில் தனபாலன்தான் வழி கண்டுபிடித்தான். ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த தன் மச்சினனைக் கேட்டுவந்தான். "ரெண்டு கை விரலையும் கொக்கி மாதிரி கோத்துக்கினு, எதிரும் புதிருமா இழுக்கணுமாம் மச்சி. மனசு கால்ல இருக்கக்கூடாது. வேற எங்கியாவது இருக்கணும். வாய்ப்பாடு சொல்லு. நம்ம தொழிலுக்கும் நல்லது."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஸ்ரீநாத் மயிலாப்பூரில் இருந்தான். டாக்டர் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவனைப் பார்த்ததும் ஆவலோடு எழுந்தார்.

"வாங்கோ. தீர்மானமா ஏதாவது...?"

"தீர்மானமா வந்திருக்கேன் மாமா. கடைசியா ஒரே ஒரு தரம்" என்று ஸ்ரீநாத் நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டான்.

டாக்டர் அவன் முழங்காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். இருந்தாலும் கை என்னவோ சுத்தியலைத் தேடிப் போயிற்று.

எதிரே முக்காலியில் உட்கார்ந்தார். டாக்டரின் மனைவியான மாமி காபித் தட்டைப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு நின்றாள். மதுவந்தி இந்த முறை கதவுக்குப் பின்னால் ஒளியவில்லை. கூடத்துக்கே வந்து தூணருகில் நின்றாள்.

ஸ்ரீநாத் விரல்களைக் கோத்துக்கொண்டான். கண்ணை உத்தரத்துக்கு ஓட்டினான்.

"ஓரெட்டு எட்டு" என்று ஆரம்பித்தான்.

"என்னது?" என்றார் டாக்டர்.

"நீங்க தட்டுங்கோ மாமா. ஈரெட்டு பதினாறு. மூவெட்டு இருபத்திநாலு. நாலெட்டு முப்பத்திரண்டு. ஐயெட்டு..."

ஐயெட்டு எவ்வளவு என்பது அவன் வாய்க்கு வருவதற்குள் சுத்தியல் இறங்கிவிட்டது. மூளைக்குத் தகவல் போகுமுன் கால் புறப்பட்டுவிட்டது. புறப்பட்ட கால் நேராகப் போய் டாக்டருடைய முட்டிச்சில்லுக்குக் கீழே, பாடத்தில் சொன்ன அதே இடத்தில், கச்சிதமாக இடித்தது. டாக்டரின் முதுகுத்தண்டும் யாரையும் கேட்கவில்லை. அவர் கால் துள்ளி எழுந்து ஸ்டூலை உதைத்தது. காபி, டபரா, டம்ளர், தட்டு எல்லாம் மேலே போய் அவர் வேட்டி மேலேயே இறங்கின.

உருண்ட டம்ளர் தூணில் முட்டி நின்றது.

ஸ்ரீநாத் நாற்காலியிலிருந்து அப்படியே தரையில் விழுந்தான். டாக்டரின் காலைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "மன்னிச்சுடுங்கோ மாமா, மன்னிச்சுடுங்கோ. கால் பட்டுடுத்து."

"எழுந்திருங்கோ, எழுந்திருங்கோ. பிரமாதம்!" என்றார் டாக்டர், சூட்டில் வேட்டியை உதறியபடி. "ரெண்டு பேருக்குமே அபாரமா இருக்கு. உங்க நரம்புல துளிக்கூடக் குறை இல்லை."

ஸ்ரீநாத்துக்குக் கண்ணில் நீர் துளிர்த்துவிட்டது. ஜெயித்தாயிற்று. இனி அந்த வார்த்தையை அவர் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. கைகட்டி நின்று காத்திருந்தான். டாக்டரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமி பார்த்தாள். மதுவந்தி பார்த்தாள்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் டாக்டர் கடைசியில்.

"நான் என்ன மாமா சொல்றது? நீங்க பெரியவா."

"நானா!" என்றார் டாக்டர். தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேட்டி மாற்ற உள்ளே போய்விட்டார். மாமி பின்னாலேயே போனாள். மதுவந்தி ஒரு கணம் நின்றாள். பிறகு அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ஸ்ரீநாத் எப்படி வாசலுக்கு வந்தான் என்று அவனுக்கே தெரியாது. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டான். கழற்றினான். மறுபடியும் மாற்றியே போட்டுக்கொண்டான். நல்ல நரம்பை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது?

காபியைத் துடைத்த வாளியோடு வெளியே வந்த கெங்கம்மா அவனைப் பார்த்துவிட்டு நின்றாள். "இன்னா தம்பி, பேயறைஞ்சாப்ல நிக்கறே?"

யாரிடமாவது சொல்லி அழ வேண்டும்போல இருந்தது. "முழங்கால் நன்னா இருக்குன்னு அவர் வாயாலயே சொல்லிட்டார் கெங்கம்மா. அப்புறமும் பொண்ணைத் தரேன்னு சொல்ல மாட்டேங்கறாரே!"

கெங்கம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"முட்டியை வுடு தம்பி, ஐயா கேஸ் சிலிண்டர் கொண்டார ஆளு முட்டியைக்கூட தட்டாம அனுப்பமாட்டாரு, பொண்ணைப் பாத்துட்டுப் போன மாப்ள வூட்டுக்காரங்க நீங்க, புடிச்சிருக்கா இல்லியான்னு இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலியே, அது உன் வாயிலேர்ந்து எப்ப வரும்னுதானே இந்த வூடே காத்துகினு கீது!"